தீவாந்தரம் வந்தவனுக்கு நிலம் கொடுத்தது ஏன்?

வாசகர் கேள்வி: "ஆஸ்திரேலியா திருடர்கள் கட்டிய நாடு என்று படித்திருக்கிறோம். ஆனால் திருடிப் பிடிபட்டு வந்தவனுக்கே 30 ஏக்கர் கொடுத்தார்களாம். இது தண்டனையா, பரிசா? நீங்கள் பரமட்டா பக்கம்தானே இருக்கிறீர்கள், சொல்லுங்கள் அண்ணா."

மே 4, மாலை

இரண்டும் இல்லை தம்பி. பசி.

1788 ஜனவரியில் 11 கப்பல்கள் கைதிகளையும் காவலர்களையும் சுமந்து வந்து சேர்ந்தன. சிட்னி துறைமுகத்தை ஒட்டிய மண்ணில் விளைச்சல் எடுக்கவில்லை. ஆளுநர் ஆர்தர் பிலிப் ஆற்றின் வழியே மேற்கே போய் நல்ல மண் தேடினார். அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி ரோஸ் ஹில் என்ற குடியிருப்பு தொடங்கியது. அதுதான் இன்றைய பரமட்டா. என் வீட்டிலிருந்து ரயிலில் சில நிமிடம்.

இங்கிலாந்திலிருந்து உணவு வரும் என்று காத்திருந்தார்கள். சரக்கேற்றி வந்த கார்டியன் கப்பல் 1789 டிசம்பரில் பனிப்பாறையில் மோதியது. கையிலிருந்த பெரிய கப்பலான சிரியஸ் 1790 மார்ச்சில் நார்ஃபோக் தீவருகே உடைந்தது. ரேஷனை வெட்டிக்கொண்டே போனார்கள். தண்டனை முடிந்தவனுக்கும் அரசுக் களஞ்சியம்தான் சோறு போட வேண்டும். அவனே விளைவித்துச் சாப்பிட்டால் களஞ்சியத்துக்கு ஒரு வாய் குறையும். கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கப் பிலிப் தேர்ந்தெடுத்த ஆள் ஜேம்ஸ் ரூஸ். கார்ன்வால் பகுதியில் லான்செஸ்டன் ஊர்க்காரன், விவசாயத்திலேயே வளர்ந்தவன். 1782-இல் வீடு புகுந்து திருடியதாகத் தூக்குத் தண்டனை. பிறகு அதை 7 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைத்தார்கள். 1789-இல், என் காலம் முடிந்துவிட்டது, நிலம் கொடுங்கள் என்று கேட்டான். பிலிப் 30 ஏக்கர் கொடுத்தார். அதில் ஒன்றரை ஏக்கர் மட்டும் காடு வெட்டியது. ஒரு குடிசை, விதை, கருவிகள், 2 பெண் பன்றிகள், 6 கோழிகள். 1791 பிப்ரவரியில் ரூஸ், இனி எனக்குக் களஞ்சியத்திலிருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அந்த இடத்துக்கு இன்றும் பெயர் பரிசோதனைப் பண்ணை.

மே 4, இரவு 11 மணி

மேலே தவறாக எழுதிவிட்டேன். 1789 நவம்பரில் பிலிப் 30 ஏக்கர் கொடுத்தார் என்பது சரியில்லை. அப்போது கொடுத்தது உழுதுகொள்ளும் அனுமதி மட்டும். எல்லை எது என்றுகூட ரூஸுக்குத் தெரியாது. இந்தத் திசையில் வெட்டிக்கொண்டே போ என்று கை காட்டினார்கள். 30 ஏக்கரும் அவன் பெயருக்கு எழுத்தில் வந்தது 1791-இல், தன் சோற்றைத் தானே விளைவித்துக் காட்டிய பிறகு.

சின்னத் திருத்தம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படி இல்லை. என் தாத்தா மன்னார்குடிக்குக் கிழக்கே ஆறு மா நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். 30 ஆண்டுக்கு மேல் உழுதார். பதிவேட்டில் அவர் பெயர் ஏறவே இல்லை. அப்பா அதற்காக ஏறி இறங்காத அலுவலகப் படி இல்லை. ஆறு மாவும் போய்விட்டது. உழுவதற்கும் காகிதத்தில் பெயர் இருப்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று எங்கள் வீட்டில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதனால் அந்த 1789-ஐயும் 1791-ஐயும் நான் கலந்திருக்கக் கூடாது.

டெல்டாக்காரர்களுக்கு நம் கணக்கில் சொல்கிறேன். வெட்டிய நிலம் ஒன்றரை ஏக்கர் என்றால் நாலரை மா. எழுதிக் கொடுத்தது 30 ஏக்கர், அதாவது நாலரை வேலி.

மே 6

"30 ஏக்கர் எல்லோருக்கும் உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிலிப்புக்கு 1787-இல் லண்டனிலிருந்து கொடுத்த உத்தரவிலேயே கணக்கு இருக்கிறது. விடுதலை பெற்ற ஆணுக்கு 30 ஏக்கர். மணமானவன் என்றால் கூடுதலாக 20. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் 10. முதல் ஓராண்டு ரேஷனும் விதையும் கருவியும் அரசு தரும். நடத்தையும் உழைப்பும் ஆளுநருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும்.

பெண்களுக்கு? அந்த வரியில் பெண் மனைவியாக மட்டும்தான் வருகிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மே 7

நேற்று இரவுப் பணி முடிந்து தூக்கம் வரவில்லை. ரூஸ் எப்படி உழுதான் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். "உழுதான்" என்பதே தவறு. ஏரும் இல்லை, மாடும் இல்லை. கப்பலில் வந்த மாடுகள் 1788-இலேயே மேய்ச்சலில் தொலைந்துபோயின. 1795-இல் கண்டுபிடித்தபோது தென்மேற்கே காட்டில் ஒரு மந்தையாகப் பெருகியிருந்தன. ரூஸ் கையில் இருந்தது மண்வெட்டி.

கடற்படை வீரர்களின் அதிகாரி வாட்கின் டெஞ்ச் அவன் பண்ணைக்குப் போய் அவன் சொன்னதை எழுதி வைத்திருக்கிறார். வெட்டிய மரத்தை எரித்து, சாம்பலை மண்ணோடு சேர்த்துக் கொத்தினானாம். ஒரு நாளில் 8 அல்லது 9 ராட் பரப்புக்கு மேல் கொத்துவதில்லை. அரசுப் பண்ணையில் செய்வதுபோல் மேலாகச் சுரண்டிவிட்டுப் போகாமல், கட்டியை உடைத்து, புல்லையும் களையையும் உள்ளே புதைத்தான். வைக்கோலைக் குழியில் போட்டு, அழுகக்கூடிய எல்லாவற்றையும் அதோடு சேர்த்து எருவாக்கத் திட்டம். மண் எப்படி என்று கேட்டதற்கு, நடுத்தரம், எரு போட்டால் தேறும், மாடு இல்லாவிட்டால் கைவிட்டுவிடும் என்று பதில். உதவிக்கு யாரும் இல்லை, மனைவி மட்டும், அவள் உழைப்பாளி என்றும் சொல்லியிருக்கிறான்.

8 ராட் என்றால் 2,178 சதுர அடி. சரியாக 5 சென்ட்.

அப்பாவுக்கு போன் செய்து கேட்டேன். வேர் ஓடிய புது நிலத்தில் ஒரு ஆள் நாளுக்கு 5 சென்ட் கொத்த முடியுமா என்று. சிறிது நேரம் பேசவே இல்லை. "வேர் எடுத்து, கட்டி உடைத்து என்றால் அதற்கு மேல் முடியாது. அவன் பொய் சொல்லவில்லை" என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வி: "கூட நின்ற பெண் பெயர் என்ன?"

எலிசபெத் பெர்ரி. 1790 ஜூன் 3-ஆம் தேதி பெண் கைதிகளை ஏற்றிவந்த லேடி ஜூலியானா கப்பலில் வந்தவர். செப்டம்பர் 5-ஆம் தேதி இருவருக்கும் திருமணம். அந்த ஒன்றரை ஏக்கர் கோதுமையிலும் அரை ஏக்கர் மக்காச்சோளத்திலும் எலிசபெத்தின் கையும் இருக்கிறது. காகிதத்தில் ரூஸ் பெயர் மட்டும்.

மே 10

பரிசோதனைப் பண்ணை வீட்டுக்குப் போய்வந்தேன். ஹாரிஸ் பார்க் நிலையத்தில் இறங்கினால் தோசை வாசனை தாண்டித்தான் போக வேண்டும். கடைத்தெரு முழுக்க இந்திய உணவகங்கள். பல ஆண்டுகளாக அந்தத் தாழ்வாரம் வைத்த அழகான வீட்டை ரூஸ் வாழ்ந்த வீடு என்றே உறவினர்களுக்குக் காட்டி வந்திருக்கிறேன். தவறு. ரூஸ் 1793-இல் அந்த 30 ஏக்கரை 40 பவுண்டுக்கு விற்றுவிட்டான். வாங்கியவர் படைப்பிரிவின் அறுவை மருத்துவர் ஜான் ஹாரிஸ். ஹாரிஸ் பார்க் என்ற பெயரும் அவரால் வந்ததுதான். வீடு அவர் காலத்தில், 1830-களில் எழுந்தது. கடற்படையில் இருந்தபோது அவர் இந்தியாவையும் பார்த்தவர். ஒற்றை மாடி, சுற்றிலும் சரிந்த கூரையின் கீழே தாழ்வாரம். இந்தியாவில் ஆங்கிலேயர் பழகிய பங்களா வடிவம் அது. ரூஸின் குடிசையில் ஒரு குச்சிகூட மிச்சம் இல்லை.

அங்கே நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நாளுக்கு 5 சென்ட் கொத்தியவன் பண்ணையில் மிஞ்சியது வாங்கியவர் வீடு.

மே 10, பிற்பகல்

"40 பவுண்டுக்கு விற்றவன் விவரமில்லாதவன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லாதீர்கள் ஐயா. மாடில்லாத மண் கைவிடும் என்று அவனே முன்கூட்டிச் சொன்னான், எரு போதவில்லை. அங்கிருந்து ஹாக்ஸ்பரி ஆற்றங்கரைக்குப் போனான். வண்டல் மண், பொன்னாக விளையும்; வெள்ளம் வந்தால் வீட்டோடு போகும். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடைசியில் 1828-இல் அவன் வேறொருவர் பண்ணையில் மேற்பார்வையாளன். 1837-இல் இறந்தான். கேம்பல்டவுனில் கல்லறை.

அந்தக் கல்லில் இருக்கும் வரிகளை அவனே செதுக்கியதாகச் சொல்கிறார்கள். எழுத்துப் பிழைகள் நிறைய. என் தாய் என்னை அன்பாக வளர்த்தாள், எனக்காக மிகவும் பாடுபட்டாள், இந்தக் குடியேற்றத்துக்கு வந்தபோது முதல் தானியத்தை விதைத்தவன் நான் என்று போகிறது. நிலத்தின் பெயரோ ஏக்கர் கணக்கோ இல்லை. விதைத்ததைச் சொல்லியிருக்கிறான், தாயைச் சொல்லியிருக்கிறான்.

மே 13

தலைப்பில் "தீவாந்தரம்" என்று எழுதியதற்கு இரண்டு பேர் ஆட்சேபம். அந்தமானுக்கும் பினாங்குக்கும் போனதைத்தான் அப்படிச் சொல்வார்கள், இவர்களுக்குப் பொருந்தாது என்கிறார்கள். சொல் பொருந்தும் என்றே நினைக்கிறேன். கடல் தாண்டிக் கொண்டுபோய் விடுவது, திரும்பி வர வழி இல்லாமல் செய்வது: இந்தத் தண்டனைக்கு நம் பாட்டிமார்கள் வைத்த பெயர் அது. அதே ஆங்கிலேயர், அதே காலம். சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் அவரோடு 70-க்கு மேற்பட்டவர்களையும் 1802-இல் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். ஆங்கிலேயரை எதிர்த்துக் கிளர்ந்த அயர்லாந்துக்காரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சிட்னிக்கு ஏற்றியதும் அந்த ஆண்டுகளில்தான்.

அந்த அயர்லாந்துக்காரர்கள் இங்கே வந்தும் அடங்கவில்லை. 1804 மார்ச் 4-ஆம் தேதி காசில் ஹில் அரசுப் பண்ணையில் எழுந்தார்கள். பிலிப் கன்னிங்ஹாம் தலைமை. மறுநாளே படை வந்து சுட்டு ஒடுக்கியது. கன்னிங்ஹாமைத் தூக்கிலிட்டார்கள். அந்தப் பண்ணை இருந்த பக்கத்தில்தான் இன்று நம் ஆட்கள் பலர் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

"திருடர்கள் கட்டிய நாடு" என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில். வந்தவர் எல்லோரும் திருடர் இல்லை.

மே 14

திருடர் கதையும் உண்டு, அதை மறைக்கவில்லை. ஜார்ஜ் பாரிங்டன் லண்டனில் பேர்போன ஜேப்படிக்காரர். 1791-இல் இங்கே வந்தார். ஓராண்டில் நிபந்தனை மன்னிப்பு, 1796-இல் முழு மன்னிப்பு. பரமட்டாவின் தலைமைக் காவலராகவும் இருந்தார். 1804-இல் இறந்து செயின்ட் ஜான் இடுகாட்டில் அடக்கமானார்.

அந்த இடுகாட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். செங்கல் மதில் சுற்றிய சின்ன இடம். உள்ளே தரையோடு கிடக்கும் ஒரு மணற்கல்லில் டாட் என்ற பெயரும் 1791 என்ற ஆண்டும் மட்டும். ரோஸ் ஹில் பண்ணையை மேற்பார்த்த ஹென்றி டாட். நாட்டில் வைத்த இடத்திலேயே மிஞ்சியிருக்கும் ஐரோப்பியர் கல்லறைக் கற்களில் மிகப் பழையது அது. எழுத்துக்குள் விரல் வைத்துப் பார்த்தேன், உளி இறங்கிய ஆழம் இன்னும் தெரிகிறது.

அங்கேதான் சாமுவேல் மார்ஸ்டனும் இருக்கிறார். பாதிரியார், நீதிபதி, பெரும் நிலக்காரர், மூன்றும் ஒருவரே. ஆளுநர் மக்வாரி 1810-இல் சாலைப் பணிக்குழுவில் மார்ஸ்டனோடு ஆண்ட்ரூ தாம்ஸன், சிமியோன் லார்ட் என்ற இரண்டு முன்னாள் கைதிகளையும் சேர்த்தார். அவர்களோடு உட்கார மாட்டேன் என்று மார்ஸ்டன் மறுத்துவிட்டார். தண்டனை முடிந்து, மன்னிப்பும் பெற்று, பணமும் சேர்த்து, ஆளுநரின் விருந்து மேசைக்கே போனவர்கள் அவர்கள். மார்ஸ்டன் கண்ணில் இன்னும் கைதிகள். கூட உட்காரமாட்டேன் என்ற சொல் நம் ஊரிலும் கேட்ட சொல்தான். எனக்கு மக்வாரியைப் பற்றி வேறு வருத்தங்கள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம்.

மே 18

பெண்களைப் பற்றிப் பிறகு என்று சொல்லி 12 நாள் ஆகிவிட்டது. நினைவூட்டிய அக்காவுக்கு நன்றி.

வேலைக்கு எடுக்க ஆள் இல்லாத பெண், பிள்ளை உண்டான பெண், தண்டனை பெற்ற பெண், எல்லோரும் போக வேண்டிய இடம் பரமட்டாவின் பெண்கள் தொழிற்கூடம். 1804-இல் சிறையின் மாடியில் தொடங்கியது. ஆற்றங்கரையில் புதிய மூன்று மாடிக் கட்டடம் 1821-இல் திறந்தது. வரைந்தவர் பிரான்சிஸ் கிரீன்வே, கள்ளக் கையெழுத்துக்காக நாடுகடத்தப்பட்டு வந்த கட்டடக் கலைஞர். பெண்கள் கம்பளி நூற்று நெய்தார்கள். பரமட்டாத் துணி என்றே அதற்குப் பெயர் வந்தது. அவர்களை மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள், கடைசி வகுப்புக்குக் கடும் வேலை. மணப்பெண் தேடும் ஆண்கள் அனுமதி வாங்கிவந்து, வரிசையில் நின்றவர்களில் ஒருத்தியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி மணந்தவள் வெளியே வரலாம்.

1827 அக்டோபர் 27-ஆம் தேதி, உணவைக் குறைத்ததற்காக அந்தப் பெண்கள் கதவை உடைத்துக்கொண்டு ஊருக்குள் இறங்கினார்கள். ரொட்டிக் கடைக்கும் இறைச்சிக் கடைக்கும் போய்க் கிடைத்ததை எடுத்தார்கள். படையை அழைக்க வேண்டியதாயிற்று. கோரிக்கை மனு எழுதத் தெரியாதவர்கள் எழுதிய மனு அது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று மாடிக் கட்டடம் இன்று இல்லை. பக்கக் கட்டடங்களும் மதிலின் சில பகுதிகளும் நிற்கின்றன. பிற்காலத்தில் மனநல மருத்துவமனையான வளாகம். என் மனைவி அந்தப் பக்கம் வேலைக்குப் போய்வந்த நாட்களில், இந்தச் சுவர் என்ன என்று யாரும் சொன்னதில்லை என்கிறாள்.

மே 19

ஒரு தங்கை கடுமையாக எழுதியிருக்கிறாள்: "காடு, காடு என்று எழுதுகிறீர்களே அண்ணா, அது யாருடைய காடு?"

அவள் சொல்வது சரி. மேலே 15 நாளாக நிலத்தைக் கொடுத்தார்கள் என்று எழுதுகிறேன், யாருடையதைக் கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. பரமட்டா என்ற பெயரே அங்கு வாழ்ந்த பரமட்டகல் மக்களிடமிருந்து வந்தது. விலாங்கு மீன் கிடக்கும் இடம் என்று பொருள் சொல்கிறார்கள். இன்றும் ஊர் ரக்பி அணிக்கு விலாங்குதான் சின்னம். 1789 ஏப்ரலில் சிட்னியைச் சுற்றி வாழ்ந்த மக்களிடையே பெரியம்மை பரவிக் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ரூஸ் மண்வெட்டியை எடுத்தது அதற்கு ஏழு மாதம் கழித்து. வெறிச்சோடிக் கிடந்ததாக அவன் கண்ணுக்குப் பட்டிருந்தால், அதற்குக் காரணம் அதுதான்.

எதிர்ப்பும் இருந்தது. பெமல்வோய் என்ற பழங்குடிப் போராளி பல ஆண்டு பண்ணைகளைத் தாக்கினார். 1797 மார்ச்சில் பரமட்டா ஊருக்குள்ளேயே நடந்த மோதலில் ஏழு இடத்தில் குண்டு பாய்ந்து பிடிபட்டார். மருத்துவமனையிலிருந்து கால் விலங்கோடு தப்பினார். 1802-இல் சுட்டுக் கொன்றார்கள். தண்டனை முடிந்தவனின் மக்காச்சோளமும் அவருக்கு எதிரியின் மக்காச்சோளம்தான். நான் ரூஸுக்காக வருந்துகிறேன், அதில் மாற்றமில்லை. ஆனால் மே 4 அன்று எழுதிய பதில் பாதிதான்.

மே 25

மறு பாதிக்கு ஒரு பெண்ணின் கதை. மரியா லாக். தாருக் இனத் தலைவர் யாரமுண்டியின் மகள். பழங்குடிப் பிள்ளைகளுக்காக மக்வாரி பரமட்டாவில் தொடங்கிய பள்ளியில் சிறுமியாகச் சேர்க்கப்பட்டவர். 1819-இல் வெள்ளைக்காரப் பிள்ளைகளும் எழுதிய பொதுத்தேர்வில் முதல் பரிசு வாங்கினார்.

1824 ஜனவரி 26-ஆம் தேதி பரமட்டாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் அவருக்குத் திருமணம். மாப்பிள்ளை ராபர்ட் லாக், தச்சர், தண்டனைக் காலம் முடியாத கைதி. கைதியை ஒருவர் பொறுப்பில் ஒப்படைப்பது அன்றைய வழக்கம். ராபர்ட்டை மரியாவின் பொறுப்பிலேயே ஒப்படைத்தார்கள்.

1831-இல் மரியா ஆளுநருக்கு மனு எழுதினார். இறந்துபோன தன் அண்ணன் கோல்பிக்கு மக்வாரி காலத்தில் பிளாக்டவுனில் கொடுத்த நிலம் தனக்கு வர வேண்டும் என்று. அந்த மனுவைப் பற்றி முதன்முதலில் படித்தபோது அப்பாவின் மனுக்கட்டு நினைவுக்கு வந்தது, சிவப்பு நாடா கட்டிய அதே கட்டு. அன்று வேலைக்குப் போகவில்லை. மரியாவுக்கு அந்த நிலம் 1843-இல் கிடைத்தது. 12 ஆண்டு. 1878-இல் அவர் இறந்தார். அவர் வழி வந்த குடும்பங்கள் இன்றும் மேற்குச் சிட்னியில் இருக்கின்றன.

நிலத்தின் அளவு 30 ஏக்கர். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தவனுக்கு ஒன்றரை ஆண்டில் எழுதிக் கொடுத்த அதே நாலரை வேலி.

மே 25, இரவு

அப்பாவிடம் மரியா கதையைச் சொன்னேன். மனுவின் நகல் எங்காவது கிடைக்குமா, தமிழில் படித்துச் சொல்வாயா என்று கேட்கிறார். அடுத்த வாரம் நூலகத்துக்குப் போகிறேன்.